திரை போடக் கூடாத கடை

சித்தியின் பழைய கடைக்கும் பல் டாக்டரின் அறைக்கும் ஒரே படிக்கட்டில்தான் ஏற வேண்டும். முதல் மாடியில் இடது பக்கம் டாக்டர், வலது பக்கம் சித்தி. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு படியேறும் பெண்களில் பாதிப் பேருக்குப் பல்வலியே இருக்காது. மேலே வந்ததும் கையை எடுத்துவிட்டு வலது பக்கம் திரும்பிவிடுவார்கள். "ஊருக்கு அது பல்வலி, நம்ம கடைக்கு வர அது டிக்கெட்" என்பார் சித்தப்பா.

சித்தி விக் செய்பவர். முடி கொட்டிப்போன பெண்களுக்கு அவரவர் தலை அளவுக்கு மெல்லிய வலைத் தொப்பி தைத்து, அதில் ஒவ்வொரு முடியாக ஊசியால் கோர்த்துக் கட்டுவார். நான் பகலில் அங்கே வேலை பார்க்கிறேன். மாலையில் பல்கலைக்கழகத்தில் கட்டட வரைபட வகுப்புக்குப் போகிறேன். ஒரு தலையை அளந்துவிட்டு, சரியாக அளந்தேனா என்று சந்தேகப்பட்டு மறுபடியும் அளப்பேன். அதனால் சித்தப்பா எனக்கு வைத்திருக்கும் பெயர் அளவுகோல்.

பழைய கடையின் உள் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு கண்ணாடி, அதைச் சுற்றி விளக்கு, ஒரு சாய்வு நாற்காலி, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவு. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் வந்தவர்களின் கை தலைக்குப் போகும்.

டீச்சர் அங்கே மாதம் ஒருமுறை வருவார். நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறார். கல்லூரி முடித்த வருஷம் கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்து, பிறகு முளைக்கவே இல்லை. அண்ணன், அண்ணி, அண்ணன் பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. "அண்ணிக்குத் தெரிஞ்சா தண்டோரா போட்ட மாதிரி. தமுக்கு ஒண்ணுதான் பாக்கி" என்பார்.

சித்தி விக்கை அலசி, காய வைத்து, தளர்ந்த இடங்களைச் சேர்த்துக் கட்டும்வரை டீச்சர் வெறுந்தலையோடு நாற்காலியில் சாய்ந்திருப்பார். விடைத்தாள் திருத்துவார். தலைமை ஆசிரியரைத் திட்டுவார். ஒருமுறை அப்படியே தூங்கிவிட்டார். எழுப்பப் போன என்னைச் சித்தி கையைப் பிடித்து நிறுத்தினார். விழித்ததும் டீச்சர் சொன்னார்: "இந்த ஒரு ரூம்லதான் அக்கா என் தலைக்குக் காத்து."

பல்கலைக்கழகம் நகர மையம் வரைக்கும் விரியப் போகிறது என்று செய்தி வந்தபோது யாரும் எங்களை விரட்டவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வரிசை முழுவதையும் இடித்துவிட்டுப் புதிய கட்டடம், மேலே வகுப்புகள், கீழே கடைகள், பழைய கடைக்காரர்களுக்கே முதல் உரிமை. திட்ட அலுவலர் நேரிலேயே வந்தார். மெல்லிய குரல். எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார். கீழே செருப்புக் கடை மேஜையில் வரைபடத்தை விரித்து, எங்கள் கடை எது என்று பென்சிலால் தொட்டுக் காட்டினார். முனைக் கடை. கட்டடத்திலேயே நல்ல இடம்.

அந்த வாரம்தான் வகுப்பில் சுவருக்கும் கண்ணாடிக்கும் எப்படிக் கோடு போடுவது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று வரைபடத்தை இன்னொரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"சித்தி, மூணு பக்கமும் கண்ணாடி. தரையிலருந்து கூரை வரைக்கும்."

"கண்ணாடின்னா திரை போட்டுக்க வேண்டியதுதான்டி. துணிக்கா பஞ்சம்?"

"வேற மாடி ஏதாவது பார்க்கலாமா?"

"மையத்துல வேற மாடி ஏது?" என்றார் சித்தப்பா. "இருக்கிற மாடியெல்லாம் இவங்கதானே இடிக்கிறாங்க? அளவுகோல், பேசாம இரு. கோபுரத்துல இடம் குடுக்கிறாங்க, நீ பொந்து தேடுற."

சித்தி கையெழுத்துப் போட்டார். பல் டாக்டர் நஷ்ட ஈட்டை வாங்கிக்கொண்டு மகனோடு வேறு ஊருக்குப் போனார். கட்டடம் எழும்பும்வரை எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தற்காலிக இடம் கொடுத்தார்கள். இருட்டு அறை, கதவு ஒழுங்காக மூடாது, ஆனால் மூடும். டீச்சர் அங்கேயும் தவறாமல் வந்தார். பிறகு அதையும் இடித்துவிட்டார்கள்.

புதிய கடைக்குள் முதல்நாள் போனபோது எனக்கே கண் கூசியது. அவ்வளவு வெளிச்சம். சித்தி ஏற்கெனவே தைத்து வைத்திருந்த நீலத் திரையை மூன்று பக்கமும் மாட்டினோம். அந்த வாரமே திட்ட அலுவலர் வந்தார். கையில் பூங்கொத்து. திறப்புக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, திரையைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

"அம்மா, இது ஒப்பந்தத்துல இருக்கு. கீழ்த்தளக் கடைகளுக்குத் திரை கூடாது."

"வெயிலுக்குக் கூடவா?"

"வெயிலுக்கு மேல தட்டி இருக்கும்மா. தெரு உயிரோட இருக்கணும்னா உள்ள நடக்கிறது வெளிய தெரியணும். மூடின கடை வரிசையில ராத்திரி பொண்ணுங்க நடக்கப் பயப்படுறாங்க. அதுக்காகத்தான் இந்த விதியே."

அலுவலர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் பழைய சந்தில் இருட்டிய பிறகு நானே ஓட்டமும் நடையுமாகத்தான் போவேன்.

"எங்ககிட்ட வர்றவங்க தெரியக் கூடாதுன்னுதாங்க வர்றாங்க" என்றார் சித்தி கடைசியில்.

"அதுல என்னம்மா வெட்கம்? எல்லாரும் பார்த்துப் பழகினா அந்த வெட்கமே போயிடும்." அவர் அதை நம்பித்தான் சொன்னார். போகும்போது திரையைக் கழற்ற அவரே ஒரு பக்கம் பிடித்தார்.

சித்தப்பா ஒரு மடக்குத் தட்டி வாங்கி வந்து நாற்காலியைச் சுற்றி வைத்தார். ஆஸ்பத்திரி மாதிரி ஆனது. தெருவில் போகிறவர்கள் நின்று, தட்டிக்குக் கீழே தெரிந்த கால்களை எண்ணினார்கள். "மறைச்சாத்தான் எட்டிப் பார்ப்பான்" என்று சித்தப்பாவே அதை மடக்கிவிட்டார். தட்டி இருந்தாலும் என்ன? உள்ளே வருவதும் போவதும் கண்ணாடி வழியாகத்தானே. பின்பக்கம் கதவு வைக்க முடியுமா என்று நான் வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஓடுகிறது.

கடை ஓடியது. அதுதான் விசித்திரம். மாணவர்கள் வந்தார்கள். நாடகத்துக்கு, ஆட்டத்துக்கு, பிறந்தநாளுக்கு, சும்மாவுக்கும். பச்சை, ஊதா, சுருட்டை. சித்தி வெளியிலிருந்து மலிவு விக்குகளை வாங்கிக் கொக்கியில் வரிசையாக மாட்டினார். "ஆன்ட்டி, இந்த டோப்பா எனக்கு நல்லா இருக்கா?" என்று ஒருத்தி கேட்க, அவள் தோழி, "உன் சொந்த முடியைவிட நல்லாத்தான் இருக்கு, அதையே வச்சுக்கோ" என்றாள். கடையே சிரித்தது. சித்தியும் சிரித்தார். சித்தப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பல்கலைக்கழகத்தின் விளம்பரப் படப் புத்தகத்தில் எங்கள் கடை ஒரு முழுப் பக்கம்.

கன்னத்தில் கை வைத்து வந்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை.

டீச்சரை நான்தான் முதலில் பார்த்தேன். எதிர்ப்புற நடைபாதையில் கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி நின்றிருந்தார். கடைக்குள் இரண்டு மாணவிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி எழுந்து வாசலுக்குப் போவதற்குள் டீச்சர் நகர்ந்துவிட்டார்.

சித்தி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், நான் உங்க வீட்டுக்கு வர்றேன்."

"அய்யோ, வேண்டாம். இப்ப உங்க முகமே விளம்பரப் பலகை அக்கா. புத்தகத்துல படம் வேற வந்திருக்கு. நீங்க பையோட வந்து நின்னா நான் கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி அண்ணி என் தலையைத் தடவிப் பார்ப்பாங்க."

"அப்ப எங்க வீட்டுக்கு வாங்க."

"உங்க அடுக்குமாடியில பாதிப் பிள்ளைங்க என் வகுப்புல. போன தடவை உங்க பக்கத்துல பால் வாங்க வந்தேன், மூணு பேர் 'வணக்கம் மிஸ்' சொன்னாங்க."

"பின்ன எப்படித்தான் செய்யறது?"

"பரவாயில்ல அக்கா. நானே அலசிக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. கை எட்டல."

போனை வைத்த பிறகு சித்தி என்னைப் பார்த்தார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டி. திரை போடலாமான்னு. நாக்கு நுனியில இருந்துச்சு. இதைப் போய் யாராவது கேப்பாங்களான்னு விட்டுட்டேன்."

வகுப்புக்குப் போகும் மாலைகளில் நான் எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியாக ஏறிப் பார்த்தேன். கதவுகளெல்லாம் கண்ணாடிப் பட்டை வைத்தவை. வகுப்பறை, படிப்பறை, ஆலோசனை அறை, எதிலும் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரிவார். மொத்தக் கட்டடத்திலும் நல்ல வெளிச்சம், முகம் பார்க்கப் பெரிய கண்ணாடி, கண்ணாடியில்லாத கதவு, தாழ்ப்பாள், நாற்காலி போட இடம் எல்லாம் சேர்ந்து இருந்தது ஒரே வகை அறையில்தான். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கான கழிவறை. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

"கக்கூஸ்லயா?" என்றார் சித்தி.

போனில் இதைக் கேட்டு டீச்சர்தான் சிரித்தார். "முடி கொட்ட ஆரம்பிச்சப்ப நான் அழுததெல்லாம் காலேஜ் கக்கூஸ்லதான் அக்கா. இது அதைவிடச் சுத்தமா இருக்கும்."

வகுப்புக்கு முந்தைய நேரத்தில், நான்காவது மாடியில், நான் மடக்கு நாற்காலியும் வாளியும் தூக்கிக்கொண்டு போனேன். மூவரும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டோம். சத்தம் கேட்டதும் டீச்சரின் கை தலைக்குப் போனது. விக்கைச் சித்தி கைகழுவும் தொட்டியில் அலசினார். டீச்சர் கண்ணை மூடிச் சாய்ந்தார். நாற்காலி சாய்வு நாற்காலி இல்லை. நான் பின்னால் நின்று என் வயிற்றில் அவர் தலையைத் தாங்கிக்கொண்டேன். தலை இளஞ்சூடாக இருந்தது.

"தலைமை ஆசிரியர் எப்படி இருக்கார்?" என்றார் சித்தி.

"ரிட்டையர் ஆகிட்டார். புதுசா வந்திருக்கிறவர் அவரை நல்லவராக்கிட்டார்."

சித்தி சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தபோது கதவு தட்டப்பட்டது.

நாங்கள் அசையவில்லை. மறுபடி தட்டல். பிறகு ஓர் இளைஞனின் குரல், மன்னிப்புக் கேட்கிற மாதிரி: "யார் உள்ள இருக்கீங்க? சாரி, அவசரப்படுத்தலை. எனக்கு இந்த மாடியில வேற இடம் கிடையாதுங்க. கீழ உள்ளது பூட்டியிருக்கு."

டீச்சர் கண்ணைத் திறந்தார். சித்தி சொட்டச் சொட்ட இருந்த விக்கைத் துண்டில் ஒற்றி, தளர்ந்த இடங்களைக் கட்டாமலே டீச்சர் தலையில் வைத்தார். டீச்சர் அதன் மேல் புடவைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்தோம். சக்கர நாற்காலியில் ஒரு பையன், அவனுக்குப் பின்னால் வகுப்புக்கு வந்த ஏழெட்டுப் பேர். மூன்று பெண்கள், ஒரு நாற்காலி, ஒரு வாளி. யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். பையன் மட்டும் சிரிக்கவில்லை. "மன்னிச்சிடுங்க" என்றான் மறுபடி.

"நாங்கதாம்ப்பா மன்னிப்புக் கேக்கணும். இது உன் இடம்" என்றார் டீச்சர். தலைப்பிலிருந்து தண்ணீர் கழுத்தில் வழிந்தது. கீழே வந்ததும் சித்தியின் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு டீச்சர் போனை எடுக்கவில்லை. சித்தி ஒரு புது விக் கட்டத் தொடங்கினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்த அளவு எனக்குத் தெரியும்.

சில மாதம் கழித்து, மதியம், மாணவர்கள் நிறைந்திருந்த நேரத்தில் டீச்சர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்தார். எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "ஸ்கூல் நாடகத்துக்கு ஒரு விக் வேணும்ங்க."

சித்தி ஒரு கணம் விழித்தார். பிறகு, "என்ன வேஷம்?" என்றார்.

"டீச்சர் வேஷம்."

"தலை அளவு?"

"பொண்ணு என் உயரம்தான். என் அளவே சரியா இருக்கும்."

சித்தி அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த விக்கை எடுத்துத் தலை அச்சின் மேல் வைத்தார். நெற்றியோரம் இரண்டு மூன்று நரை கோர்த்திருந்தார். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போட்டுப் பார்க்கலையா மிஸ்?" என்றாள் பக்கத்தில் ஊதா விக்கோடு நின்ற மாணவி.

"நடிக்கிறவதாம்மா போட்டுப் பார்க்கணும்."

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க" என்றார் சித்தி. "முன்பக்கம் புருவத்துலருந்து நாலு விரல் விட்டு வைக்கணும். அவளுக்குக் காது மேல உரசும், அங்க உள்ள மெத்துன்னு துணி வச்சிருக்கேன்."

"சொல்றேன்."

"தினமும் கொஞ்ச நேரம் கழட்டி வச்சிட்டு சும்மா உட்காரச் சொல்லுங்க. தலைக்கு நல்லது."

"அதுக்கு அவளுக்கு இடம் இல்லையேங்க."

டீச்சர் தலையில் இருந்த பழைய விக் பின்கழுத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. சித்தியின் கை அதை அழுத்தி விடுவதற்காக எழுந்து, பாதியில் நின்று, அச்சின் மேலிருந்த விக்கை நீவிவிட்டது. நான் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.

டீச்சர் வெளியே போனார். ஊதாக்காரி எதையோ கேட்டாள், சித்தி கவனிக்கவில்லை. திரையில்லாத கண்ணாடி வழியாக டீச்சரின் முதுகும், பெட்டியும், தூக்கிக்கொண்டிருந்த அந்தப் பின்பக்கமும், தெருவைக் கடந்து பேருந்து நிறுத்தம்வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தன.