விட்டுப்போன பேர்

ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் ஊர்ச் சபையில், ஞாயிறுதோறும் சபைக்கும் உலகத்துக்கும் நோயாளிகளுக்குமான ஜெபத்தை ஏறெடுப்பவர் மாசிலாமணி வாத்தியார். கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கி அவர் குரலைப் பருத்திக்காடு வரை கொண்டுபோகும்.

குஜராத் பூகம்பம் நடந்த சமயம். முகம் தெரியாத அந்த ஜனங்களுக்காக வாத்தியார் அழுதே ஜெபித்தார். ஆனால் குருவானவர் எழுதித் தந்த நோயாளிகள் பட்டியலில் வேதமாணிக்கத்தின் பேர் வந்ததும், தொண்டையைச் செருமி அடுத்த பேருக்குத் தாவினார். சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டித் தேர்தலில் இவரைத் தோற்கடித்தவர் அல்லவா! அவனுக்கு ஓட்டுப் போட்டவன் ஜெபிக்கட்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

மூன்று ஞாயிறு அப்படியே போயிற்று. நாலாவது ஞாயிறு வருமுன் மஞ்சள் காமாலை வேதமாணிக்கத்தைக் கொண்டுபோய்விட்டது.

துட்டி கேட்கப் போன வாத்தியாரிடம் வேதமாணிக்கத்தின் மனைவி ஞானப்பூ சொன்னாள்:

"வாராவாரம் ஜன்னலோரம் காதைக் குடுத்துக்கிட்டே கெடந்தாவ, அண்ணாச்சி. பேரு கேக்கலன்னதும், 'மாசிலாமணி என் பேரை விடமாட்டான். வாடைக்காத்து சத்தத்தை அடிச்சிட்டுப் போயிருது. குழாயைக் கொஞ்சம் நம்ம பக்கம் திருப்பச் சொல்லு'ன்னாவ."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாவி, நாந்தான் ஒங்ககிட்ட வந்து சொல்லாம விட்டுட்டேன்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.