கதவு மூடல

எட்டு மாதமாக நான் ஒரு ஃபிரிட்ஜைப் படித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், ஆராய்ச்சிப் பட்டத்துக்காகத்தான். எங்கள் சமூகவியலில் வினையாளர் வலைப்பின்னல் என்று ஒரு கொள்கை உண்டு. ஒரு காரியத்தை மனிதர்கள் மட்டும் நடத்துவதில்லை, பொருட்களும் கூடச் சேர்ந்துதான் நடத்துகின்றன என்று அது சொல்லும். யார் என்ன செய்தார் என்று பார்ப்பது போலவே, எது என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டுமாம். அதனால் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தடுப்பூசி அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஃபிரிட்ஜ், வெப்பமானி, பதிவுத்தாள் என்று ஒன்று விடாமல் நோட்டில் எழுதிவந்தேன்.

அந்த அறைக்குப் பொறுப்பு மருந்தாளுநர் அக்கா. "எட்டு மாசமா இதையே பாத்துக்கிட்டிருக்க, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுச்சா?" என்று கேலி செய்வார். ஃபிரிட்ஜுக்கு அவர் வைத்த பெயர் மாமியார். நாள் முழுக்க உறுமும். கதவை ஓங்கிச் சாத்தினால் கோபித்துக்கொண்டு மறுபடி திறந்துகொள்ளும்.

ஒரு புதன்கிழமை மதியம் அந்தக் கதவு ஒரு மணி நேரம் திறந்தே கிடந்திருக்கிறது. இருநூறு குப்பி மருந்து வீண். அக்காவுக்கு வேலை போய்விடும் என்று பேச்சு. அவர் வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். அடுத்த திங்கட்கிழமை விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். என் கொள்கை ஒருத்தரைக் காப்பாற்றப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

"சார், அக்காவை மட்டும் பிடிச்சுக்கிட்டா எப்படி? கதவு ரப்பர் தேஞ்சிருக்கு. அலாரத்துல பேட்டரி தீந்துபோச்சு. பதிவுத்தாள்ல கதவுக்குன்னு ஒரு கட்டமே கிடையாது. எல்லாம் சேர்ந்துதான் இதைச் செஞ்சிருக்கு."

"அப்ப மெமோவை ரப்பருக்குக் கொடுக்கவா?" என்றார் விசாரணை அதிகாரி. அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

என் நோட்டைக் கேட்டுக் கையை நீட்டினார். பெரிய மேதாவி மாதிரி நானே நோட்டை எடுத்துக் கொடுத்தேன். புதன்கிழமைப் பக்கத்தில் இருந்த ஒரே வரியை அவர் சத்தமாகப் படித்தார்.

"அக்கா. கதவு மூடல."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எழுதியே வச்சிருக்கியாடி?"

"ஐயோ, இல்லக்கா! கதவு தானா மூடிக்கலன்னு எழுதியிருக்கேன். கதவுதான் சார் எழுவாய்!"

"எங்க வீட்லயும் லைட்டு அணைக்கல, கதவு மூடலன்னுதான் திட்டு விழும்," என்றார் அதிகாரி. "லைட்டுக்கு விழுந்து நான் பாத்ததில்ல. எனக்குத்தான் விழும்."

அதுவும் நியாயம்தானே. 'கதவை' என்று ஒரு ஐ போட்டுத் தொலைத்திருந்தாலாவது ஏதாவது தெளிந்திருக்கும். 'மூடல' என்ற சொல்லில் ஆளே கிடையாது. அவள் மூடல, அது மூடல, எல்லாம் ஒன்றுதான். நான் எதை நினைத்து எழுதினேன்? சத்தியமாக ஞாபகம் வரவில்லை. பெயர் எழுதிப் புள்ளி வைத்தால் அடுத்தது அவர் சொன்ன பேச்சு, அது என் வழக்கம். அப்படியானால் இதைச் சொன்னது அக்கா. யாரிடம் சொன்னார்? அறையில் வேறு யார் இருந்தார்கள்?

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். பின்பக்கத்தில் நான் வரைந்த படம் இருந்தது. மாமியாரின் ஐந்து தட்டுகள், ஒவ்வொரு பெட்டியும், பின்வரிசைப் பெட்டிகளின் காலாவதித் தேதிகள்கூட. பொறுமையாக நிழலெல்லாம் போட்டிருந்தேன். மேலே எழுதியிருந்தது: புதன், இரண்டு மணி.

அது இரும்புக் கதவு. மூடியிருந்தால் உள்ளே ஒன்றும் தெரியாது.

அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. மருந்துத் தட்டோடு வார்டுக்குக் கிளம்பிய அக்கா, கை ஒழியாததால் என்னை மூடச் சொல்லித்தான் வாசலில் நின்று அதைச் சொல்லிவிட்டுப் போனார். நான் "ம்" கொட்டிக்கொண்டே அதையும் எழுதிவைத்திருக்கிறேன், அடி முட்டாளே! என் பட்டியலில் நாற்பத்தொரு வினையாளர்கள். ஸ்டூல்கூட இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவள் இல்லை.

"படம் நல்லா வந்திருக்கு," என்று அதிகாரி நோட்டை மூடப் போனார். அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அக்கா படத்தைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து நாளாக அவர் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரைக் காப்பாற்றவாம் நான் வந்தேன்!

ரப்பர் தேய்ந்திருந்தது நிஜம், அலாரம் அடிக்காததும் நிஜம். எவ்வளவு பங்கு எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"சார், ஒரு தாள் கொடுங்க."

நான் கதவை மூடவில்லை என்று எழுதினேன், ஒரு எழுத்துகூட விட்டுப்போகாமல்.