பெயர் கேட்கும் கட்டம்

...போட்டோதானேன்னான், அதைச் சொன்ன வாய் இப்ப பக்கத்து ரூமுல குறட்டை வுட்டுகினு கீது, ராவெல்லாம் ஹார்பர்ல கிரேன் ஓட்டினானாம், பகல் பூரா தூங்குவான், தூங்கட்டும், இன்னும் ஒரு மணி நேரம் எழுந்திருக்காம இருந்தா அதுவே புண்ணியம். ஜானட் பென் டிரைவை லேப்டாப்பில் சொருகினாள். போட்டோதானே. போன வருஷம் லேப்டாப் மெதுவா ஓடுதுன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு, அவளைக் கேக்காமலே புருசன் டெரிக் தூக்கினு போனான், புளியந்தோப்புல யாரோ தோஸ்து கடையாம், திருட்டு விண்டோஸ் போட்டு சாயங்காலம் பளபளன்னு கொண்டாந்து வெச்சான், தொறந்து பாத்தா உள்ள இருந்த போட்டோ ஒண்ணுகூட இல்ல. கல்மண்டபத்துல யார் வூட்ல சாவுன்னாலும் நினைவு அட்டை அடிக்க அவளாண்டதான வருவாங்க, வெள்ளத்துல ஊறிப்போன ஒரே ஒரு படத்தைக் குடுத்து, எப்டியாவது சரி பண்ணும்மான்னு நிப்பாங்களே, அவளும் உக்காந்து முகத்துல பூத்த பூஞ்சையைப் புள்ளி புள்ளியா எடுப்பாளே, அத்தனை முகமும் போச்சு, அவ அம்மா ஞானத்தோட முகமும் சேந்து போச்சு. மளிகைக் கடை சுகிர்தம் அக்கா புருசனோட வருசப் பூசைக்கு முன்ன சரி பண்ணின படத்தைக் கேட்டு வந்து நின்னப்ப பதில் சொன்னது யாரு, டெரிக்கா? இவதான் தலையைக் குனிஞ்சுகினு நின்னா.

அந்தத் திருட்டு விண்டோசும் இப்ப தொறந்தா விளம்பரம், மூடினா விளம்பரம்னு ஒரே பேஜாரு. போதும், இந்த வாட்டி விண்டோசுக்குப் பதிலா காசில்லாம கெடைக்கற லினக்ஸை நானே போட்டுக்கறேன், எவன் தயவும் வேணாம். ஒரு வாரமா சோறு வடிக்கும்போதுகூட போன்ல அதைச் சொல்லித்தர்ற வீடியோவையே பாத்தா. அதுக்கப்பறம் சேந்த முகங்களை எல்லாம் ரெண்டு எடத்துல காப்பி எடுத்தாச்சு, வெளிய சொருகற ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, பென் டிரைவுல ஒண்ணு, எடுத்தா மட்டும் போதுமா, ஒவ்வொண்ணா தொறந்து கண்ணு தெரியுதா மூக்கு தெரியுதான்னு பாத்துட்டுத்தான் ரெண்டையும் கழட்டி மாதா படத்துக்குப் பின்னால வெச்சா. லினக்ஸ் ஏத்தின பென் டிரைவு வேற, மாறிடக் கூடாதுன்னு அதுக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தா. பேட்டரி செத்துப்போன லேப்டாப்பு, பாதியில கரண்ட் போனா அவ்ளோதான், அதுக்கும் எதிர் வூட்டு காத்தூன் பீவியாண்ட யூபிஎஸ் பொட்டி எரவல் வாங்கியாந்தாச்சு. எடுத்தவுடனே நிறுவிடாம, முதல்ல சும்மா ஓட்டிப் பாருன்னு வீடியோவுல சொன்னானே... ஓட்டினாள். வைஃபை வந்தது, பாட்டு கேட்டது, அட்டையில் எப்போதும் போடும் வரியை அடித்துப் பார்த்தாள், இறைவனில் இளைப்பாறுகிறார், கொம்பும் காலும் அதது எடத்துல நின்னுது. அந்தத் தோஸ்து இதுல ஏதாவது ஒண்ணு பண்ணியிருப்பானா?

டிஸ்க்கை முழுசா அழித்துவிட்டு நிறுவவா என்று திரை கேட்டபோது முதுகுக்குப் பின்னால் கொட்டாவிச் சத்தம். எழுந்துட்டான். கண்ணைக் கசக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"இரு ஜானட்டு, தோஸ்துக்கு போன் போட்றேன், நீ எதனா கலீஜ் பண்ணிடப் போற."

"இதுல கைய வெச்ச, மனுஷியா இருக்க மாட்டேன்யா."

கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். டெரிக் என்ன நினைத்தானோ, டீ போடக் கிச்சனுக்குப் போனான். அவள் மாதா படத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டு அழுத்தினாள். அழிஞ்சுது, அவன் கொண்டாந்த கருமாந்தரம் எல்லாம் அழிஞ்சுது, கோடு மெதுவா நகந்துது, ஊர் கேட்டுது, நேரம் கேட்டுது, எல்லாத்துக்கும் கை தானா பதில் சொல்லிகினே போச்சு, பேர் கேட்டுது, அடிச்சா, கீழே கம்ப்யூட்டருக்குப் பேரும் உள்ள நுழையற பேரும் அதுவே போட்டுக்கிச்சு, அப்பத்தான் பாத்தா, மூணு கட்டத்துலயும் டெரிக், டெரிக், டெரிக்.

யாரு கேட்டா அவன் பேரை? கேஸ் புக்கு, ரேஷன் கார்டு, கரண்ட் பில்லு, இந்தப் போன்ல இருக்கற சிம்முகூட அவன் பேர்லதான், எங்க எழுதச் சொன்னாலும் கை அதைத்தான் எழுதும்... ஆனா இன்னிக்கு அவன் கேக்கலயே, அவன் அங்க டீத்தூளைத் தேடிகினு கீறான். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். ஜானட் என்று அடித்தாள். பழக்கத்தில் ஓர் இடைவெளியும் விட்டாள், கல்யாணத்துக்கு முன்னால அங்க அருள்நாதன்னு அப்பா பேர் வரும், அப்பறம் டெரிக், இப்ப...

"இன்னா, நின்னுக்கிச்சா?" என்றான் டெரிக் கிச்சனிலிருந்து.

கட்டத்தில் அவள் பேருக்குப் பக்கத்தில் அடுத்த எழுத்துக்கான கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.