சிவப்பு ஒயர், மஞ்சள் ஒயர்

உப்பண்ணன் தன் வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து டைல்ஸ்காரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி சந்தோஷம், பாதி பயம்.

வெளிநாட்டில் கட்டட வேலை பார்த்த காலத்தில் எட்டுப் பேருக்கு ஒரே அறை. அடுக்குக் கட்டில், ஒற்றை ஜன்னல், அதில் எந்நேரமும் காயும் பனியன்கள். சமையல் அண்ணன்தான். கை தாராளம், எதிலும் உப்பு ஒரு பிடி கூடிவிடும்; அதனால்தான் உப்பண்ணன். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாங்க? நீ மறக்கவே விடமாட்டேங்கிறியேண்ணே!" என்று தண்ணீரைக் குடித்துக்கொண்டே கிண்டல் செய்வார்கள். ஆனால் சட்டியில் ஒரு பருக்கை மிஞ்சாது. லீவு நாளில் ஒரே ரேசர் எட்டுத் தாடையிலும் ஏறி இறங்கும். கண்ணாடி முன்னால் தள்ளுமுள்ளு, பாட்டு, வசவு. அந்தக் கும்மாளம் இன்றைய சொந்த வீட்டில்கூட வாய்க்கவில்லை என்று டைல்ஸ்காரனுக்கு அடிக்கடி தோன்றும். மனைவியிடம் மட்டும் சொல்லமாட்டான்.

சம்பளம் வாங்கிய கையோடு சிலர் கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த சில வீடுகளுக்குப் போவார்கள். அவனும் போயிருந்தான். ஊரில் அவனுக்குப் பெண் பேசி முடித்துவிட்டதாகப் போன் வந்த அன்று அந்த நினைப்பு அவனைப் பிடித்துக்கொண்டது. தனக்கு எய்ட்ஸ் நோய் இருந்து, ஒரு பாவமும் அறியாத பெண்ணுக்கும் கொடுத்துவிட்டால்? சோறு இறங்கவில்லை. "உப்பு ரொம்பக் கூடிப்போச்சாடா?" என்று அண்ணன் பதறிக்கொண்டு கேட்டதுதான் தாமதம், அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"இதுக்கா அழறே? ரத்தம் குடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது. நீ தனியாப் போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். எட்டுப் பேரும் போவோம். யாருக்குப் பயம்னு யாருக்குடா தெரியும்?"

அடுத்த லீவு நாளில் எட்டுப் பேரும் கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி தலை சீவிக்கொண்டு இலவச ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸம்மா உட்காரவைத்துச் சொன்னார். ஆணுறை இல்லாமல் போகக்கூடாது, ஒருவர் பிளேடை இன்னொருவர் தொடக்கூடாது; சேர்ந்து சாப்பிட்டால் மட்டும் எதுவும் ஒட்டிக்கொள்ளாது.

டைல்ஸ்காரனுக்கு ஒன்றும் இல்லை. துணைக்குப் போன அண்ணனுக்கு இருந்தது.

அன்று மாலை அவரே அதைச் சொன்னார். சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். அன்றைக்குச் சமையலில் உப்பே இல்லை. ஆனாலும் ஏழு பேரும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மறு வாரம் எட்டு ரேசர்கள் வந்தன. அறையிலிருந்த எலக்ட்ரீசியன் மிச்ச ஒயர்களை வெட்டிப் பிடியில் சுற்றி, ஆளுக்கொரு நிறம் கொடுத்தான். அண்ணனுக்குச் சிவப்பு, டைல்ஸ்காரனுக்கு மஞ்சள். வெங்காயக் கூடைக்கு அடியில் அண்ணன் ஓர் ஆணுறைப் பெட்டி வைத்தார். யார் எடுக்கிறார்கள் என்று திரும்பியும் பார்க்கமாட்டார், பெட்டியைக் காலியாகவும் விடமாட்டார்.

இப்போது வீட்டில் மீசை முளைக்கிற ஆள் அவன் ஒருவன்தான். ஆனாலும் புது ரேசர் வாங்கினால் மஞ்சள் ஒயரைச் சுற்றிவிடுவான். "நானா எடுத்து மழிச்சுக்கப் போறேன்?" என்பாள் மனைவி. அவன் சிரித்து மழுப்புவான். சிரிப்புக்கு அடியில் முள் ஒன்று உண்டு. தனக்காக வந்த மனுஷன் தலையில் அல்லவா இடி விழுந்தது? அண்ணனோடு போனில் இதைத் தவிர மற்ற எல்லாம் பேசியிருக்கிறான்.

அண்ணன் தலை நரைத்து, தொப்பை போட்டு வந்து இறங்கினார். மறுநாள் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கண்ணாடி முன்னால் வந்து நின்றவர், பையிலிருந்து ரேசரை எடுத்தார். பிடியில் சிவப்பு ஒயர். டைல்ஸ்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, அன்னைக்கு என்னாலதான் நீ அங்க வந்தே. உன்னை இழுத்துட்டுப் போயிருக்கக் கூடாது."

அண்ணன் நுரை முகத்தோடு திரும்பினார். "போடா பைத்தியக்காரா! நீயா என்னை இழுத்துட்டுப் போனே? ஒரு வருஷமா அந்த ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்தவன்டா நான். உள்ளே போகக் கால் வரலை. நீ அழுதே பாரு, அந்தச் சாக்குலதான் நுழைஞ்சேன். இல்லேன்னா எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

டைல்ஸ்காரனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணாடிக்கு முன்னாலேயே நின்றுவிட்டான்.

"தள்ளி நில்லுடா, கண்ணாடி மறைக்குது" என்றார் அண்ணன்.