டெல்லிக் கட்டை

தேசத்தின் தரம் ஒரு மரப்பெட்டியில் பார்சலாக வந்து எங்கள் மஞ்சக்குப்பம் ஆபீசில் இறங்கியது. வருஷம் 1964. அப்ரண்டிஸ் சட்டம் வந்த புதிது. பட்டறைகளில் தொழில் பழகும் பையன்கள் நாடு முழுக்க ஒரே அளவுக்கு வேலை செய்ய வேண்டும் என்று டெல்லியில் ஒரு கமிட்டி முடிவு செய்து, மாவட்டத்துக்கு ஒன்றாக இரும்புக் கட்டை அனுப்பியிருந்தது. நாற்பது மில்லிமீட்டர் சதுரம், தலையில் முத்திரை. பரீட்சைக்கு வருகிற பையன் தகட்டில் நாற்பதுக்கு நாற்பது சதுர ஓட்டை அரத்தால் ராவிக் கொடுக்க வேண்டும். கட்டை அதில் இறுகாமல், ஆடாமல் நுழைந்தால் பாஸ்.

நான் அங்கே குமாஸ்தா. எங்கள் அதிகாரி ராமாமிர்தம் பிறந்ததிலிருந்து அரம் பிடித்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

கட்டையைக் கண்ணாடி அலமாரியில் வைத்தோம். கடலூர் உப்புக்காற்றுக்கு டெல்லி முத்திரை என்ன தெரியும்? மூன்றாம் வாரமே துரு ஏறிவிட்டது. ராமாமிர்தம் பதறிப்போய்க் கட்டையை பியூன் கலியமூர்த்தியிடம் ஒப்படைத்தார். கலியமூர்த்தி எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் எமரித் தாளால் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். இரண்டு வருஷத்தில் அந்தக் கட்டையில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல ஆகிவிட்டது. சோதனைக்கு வந்த பெரிய அதிகாரிகள் எல்லாரும் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் அளந்து பார்க்கவில்லை.

1966 மே மாதப் பரீட்சைக்குச் சிதம்பரத்திலிருந்து முஹம்மது இஸ்மாயில் வந்தான். ஆயில் எஞ்சின் பட்டறையில் மூன்று வருஷம் பழகியவன். பினாங்கில் கப்பல் ரிப்பேர் பட்டறையில் அவனுக்கு அவன் மாமா வேலை சொல்லி வைத்திருந்தார். ஆகஸ்டுக்குள் சர்க்கார் சர்டிபிகேட்டோடு வந்தால் வேலை. இல்லாவிட்டால் வேறு ஆள்.

அவன் நாலு இழுப்பு ராவுவான், நிறுத்துவான், அளப்பான், மறுபடி ராவுவான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அரம் பிடிக்க ஆசை வந்தது. பக்கத்து பெஞ்சில் கீரப்பாளையம் கொளஞ்சி, கை வலிக்கிறது என்று ஓட்டை நாற்பதை எட்டுமுன்பே பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

ராமாமிர்தம் கட்டையை முதலில் கொளஞ்சியின் தகட்டில் இறக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. பாஸ். இஸ்மாயிலின் தகட்டில் இறக்கினார். லொடலொடவென்று ஆடியது.

“ஃபெயில்.”

இஸ்மாயில் கட்டையை வாங்கி, அளவு பார்க்கும் வெர்னியரில் வைத்துப் பார்த்தான். வெர்னியரை அப்படியே நீட்டினான்.

“சார், நான் நாப்பது கரெக்டா வெச்சிருக்கேன். கட்டதான் தேஞ்சி போயிருக்குது. முப்பத்தொம்போதே முக்கால்தான் வருது, நீங்களே பாருங்க.”

“ஒன்னோட வெர்னியர்ல டெல்லி முத்திரை இருக்குதா?”

“இல்ல சார்.”

“கட்டையில இருக்குது. அப்பறம் என்னா பேச்சு?”

கலியமூர்த்திக்கு வேறு ரோஷம் வந்துவிட்டது. “தேஞ்சிபோச்சின்னு சொல்லாத தம்பி. ஒரு வெள்ளிக்கெழம வுட்டதில்ல நானு!”

எனக்கு மனசு கேட்கவில்லை. நடந்ததை எழுதி டெல்லிக்கு அனுப்ப ராமாமிர்தத்திடம் கெஞ்சிக் கையெழுத்து வாங்கினேன். ஜூலை கடைசியில் பதில் வந்தது. எல்லா மாவட்டங்களிலும் கட்டை இப்படித்தான் தேய்ந்திருக்கிறதாம். அத்தனை கட்டைகளையும் மாற்றுவதைவிட அளவை மாற்றுவது சிக்கனமாம். ஆகவே தேசிய அளவு இனிமேல் முப்பத்தொன்பதே முக்கால். 1964 முதலே அமலில் இருந்ததாகக் கொள்ளவும் என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் என் வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது.

மறுநாள் இஸ்மாயில் வந்து நின்றான். கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

“அப்ப நான் செஞ்சது, சார்?”

“சட்டப்படி தப்பு, தம்பி.” சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

“சரி சார். எதனால ஃபெயிலுன்னு அதையாவது எழுதிக் குடுங்க.”

இங்கிலீஷில் டைப் அடித்தேன்: ‘மேற்படி முஹம்மது இஸ்மாயில், வரைபடத்தில் கண்ட நாற்பது மில்லிமீட்டர் அளவை இம்மியும் பிசகாமல் செய்த காரணத்தால் தேர்ச்சி பெறவில்லை.’

ராமாமிர்தம் அதை இரண்டு தரம் படித்தார். என் வேலைக்கு இன்றோடு உலை என்று நினைத்தேன்.

“எல்லாம் உண்மைதான். ஆபீஸ் கடுதாசின்னா இப்படி இருக்கணும்” என்று கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார்.

அக்டோபரில் பினாங்கிலிருந்து இஸ்மாயிலின் கடிதம் எனக்கு வந்தது. சர்டிபிகேட்டுக்குப் பதில் அந்தக் காகிதத்தோடேயே ஆகஸ்ட் முதல் வாரக் கப்பலில் போயிருக்கிறான். பட்டறைத் துரை அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அன்றைக்கே அரத்தைக் கையில் கொடுத்து இஸ்மாயிலை வேலைக்கு வைத்துக்கொண்டாராம். எனக்கு அன்று ஆபீசில் வேலையே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பொங்கல் கழித்துக் கொளஞ்சி வந்தான். மூன்று பட்டறையில் சர்டிபிகேட்டை நீட்டியிருக்கிறான். மூன்றிலும் ஒரு வேலை செய்து காட்டச் சொல்லி, பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சர்டிபிகேட்டை என் மேஜைமேல் வைத்தான்.

“சார், இத்த நீங்களே வெச்சிக்கிங்க. இஸ்மாயிலுக்குக் குடுத்தீங்களே, அந்த மாதிரி ஃபெயிலு ஒண்ணு எனக்கும் போட்டுக் குடுங்க சார்.”

“அது சும்மா கெடைக்காதுடா,” என்றேன். “அதுக்குத் தொழில் தெரியணும்.”