மூன்றும் இரண்டுமாக ஒரு நடை

மூன்றாவது நிமிடத்தில் தபால்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நேற்றும் மூன்றாவது நிமிடம்தான். முந்தாநாளும் அதேதான். பிசியோதெரபி பெண் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்திருந்த தாளக் கருவி மட்டும் அசராமல் 'டக், டக், டக், டக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடியும் சமம். அந்தச் சமம்தான் அவர் காலுக்கு வரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு வேன் பின்னால் வந்து இடித்ததில் இடது தொடை எலும்பு இரண்டானது. தகடு வைத்துத் திருகி ஒட்டிவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, நடைதான் கூடவில்லை. வலது கால் ஆற அமர நின்றுவிட்டு வரும். இடது கால் சுடுதரையை மிதித்தது போல் உடனே எழும்பிக்கொள்ளும்.

இன்னும் முப்பத்தோரு நாள். இலாகா டாக்டர் முன்னால் ஆறு நிமிடம் நிற்காமல் நடந்து காட்ட வேண்டும். காட்டினால் பழைய ரூட் கிடைக்கும். பதினோரு தெரு, நானூற்றுப் பன்னிரண்டு வாசல், இரண்டு கடிநாய். காட்டாவிட்டால் அலுவலகத்தின் ஜன்னல் இல்லாத பின்னறை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்சலில் முத்திரை குத்த வேண்டியதுதான். ஓய்வு பெறும்வரை. அதற்கு இன்னும் பதினான்கு வருடம் இருந்தது.

'டக், டக்.'

அவர் கைப்பேசியை சோபாவை நோக்கி எறிந்தார். சோபாவில் படவில்லை.

"எறிஞ்சாச்சா? நிம்மதியா?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக அங்கே மாத்திரை எண்ணிக் கொடுக்கும் வேலை.

"கை தவறிடுச்சு."

"கால்தான் தவறும்னு பார்த்தேன்."

மாலையில் அவள் தம்பி வந்தான். கைப்பேசி ரிப்பேர் பார்ப்பவன். குடும்பத்தில் எல்லாரும் அவனை ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடுவார்கள். நொறுங்கியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்கு இனி சாவு மேளம்தான்" என்று தீர்ப்புச் சொன்னான். பையிலிருந்து வேறொன்றை எடுத்து நீட்டினான். "யாரோ வித்துட்டுப் போன பழசு. உள்ள முந்நூத்திச் சொச்சம் பாட்டு இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு பாட்டு இருபத்திமூணு நிமிஷம் போகுது! கல்யாண மண்டபத்துல விட்டா தாலி கட்டி, சாப்பிட்டு, எல்லாரும் வீட்டுக்கே போயிடுவாங்க. அழிச்சுடவா?"

"இருந்துட்டுப் போகட்டும் மாப்ளே."

மறுநாள் காலை. நான்காம் மாடி நடைபாதை, பத்து வீட்டுக் கதவுகள். காதுக் குழாயை மாட்டிக்கொண்டார். இந்தக் கைப்பேசியிலும் ஸ்க்ரூ ஏற்றிக் கொடுத்திருந்த டக்-டக் கருவியைத் தேடிய விரல் தப்பான இடத்தில் பட்டுவிட்டது. காதில் தடித்த கம்பி ஒன்று அதிர்ந்தது. அதன் பின்னால் டிரம். பியானோ வந்தது. பிறகு ஒரு சாக்ஸபோன், யாரோ தூக்கக் கலக்கத்தில் கதை சொல்வது போல.

அணைக்கத்தான் நினைத்தார். கால் முந்திக்கொண்டது.

ஒன்று இரண்டு மூன்று. ஒன்று இரண்டு. ஒன்று இரண்டு மூன்று. ஒன்று இரண்டு.

மூன்று எண்ணும்வரை வலது கால் நின்றது. இரண்டே எண்ணிக்கையில் இடது கால் எழும்பியது. தகிட, தக. தகிட, தக. அந்தப் பாட்டே நொண்டிக்கொண்டிருந்தது! வெட்கமே இல்லாமல், தோளை ஆட்டிக்கொண்டு, ஜாலியாக நொண்டியது.

பாட்டு முடிந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிடம். சுவர் அவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

அன்று முதல் வீட்டில் வேற்றாள் வாடை. சவரத்துக்குப் பியானோ. வெங்காயம் உரிக்கக் கிடார். ஜாஸ் என்றும் ப்ரோக்ரசிவ் ராக் என்றும் திரையில் எழுதியிருந்தது. அவர் வைத்த பெயர்கள் வேறு. பத்து நிமிடம் முடிச்சுப் போட்டு கடைசி நிமிடத்தில் அவிழ்ப்பது 'துப்பறியும் பாட்டு'. நாலு பேர் ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்குவது 'மாமியார் வீட்டுப் பாட்டு'. துணி மடித்தபோது ஒரு டிரம்பெட் அழுதது. மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அது முடியும்வரை உட்கார்ந்திருந்தார். விபத்துக்குப் பிறகு நாளின் நீளம் அவரைக் கொன்றுகொண்டிருந்தது. இப்போது நாளுக்குள் அறை அறையாக இருந்தது, ஒவ்வொன்றிலும் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

நடைக்கு மட்டும் ஐந்து எண்ணும் பாட்டு.

பிசியோ பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

"சார், நொண்டுறதுக்குத் தாளம் போட்டா அது அப்படியே தங்கிடும். அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது."

"தங்கட்டும்மா. ஸ்டூல்ல தங்குறதுக்கு இது மேல்."

அவள் ஸ்டாப்வாட்சை எடுத்தாள். பதினொரு நிமிடம் நடந்தார். "தினமும் நடங்க" என்றாள் கடைசியில். "ஆனா கால் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தபோது கால் அவரைக் கைவிட்டது.

அதே நடைபாதை. அதே பாட்டு. பத்தாவது அடியில் டிரம் முன்னால் போய்விட்டது. நின்று மறுபடி தொடங்கினார். மறுபடி பிந்தினார். இடது கால் தரையை விட்டு எழும்ப நேரம் எடுத்துக்கொண்டது. எட்டு தடவை முயன்றார். எட்டிலும் பாட்டு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

'அது அப்படியே தங்கிடும்.' அந்தப் பெண் சொன்னதைவிட மோசம். கால் கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது!

கைப்பேசியை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் போயிற்று. மறுநாள் ஞாயிறு. காபி டம்ளரை அவர் முன் வைத்த மனைவி நகரவில்லை.

"வீடு ஏன் ஊமையா இருக்கு?"

"சும்மாதான்."

"எனக்கே அந்த இரைச்சல் இல்லாம காபி இறங்கல. என்னங்க ஆச்சு?"

சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் அதைக் கேட்டது இரண்டாவது முறை.

"எழுந்து நடங்க. பாட்டு வேணாம்."

"எதுக்கு?"

"நடங்கன்னா நடங்களேன்."

அவள் நடைபாதையில் தரையோடு தரையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர் போனார், வந்தார். செருப்புச் சத்தத்தோடு அவள் விரல்கள் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவது சுற்றில் கண்ணைத் திறந்தாள்.

"இது அஞ்சு இல்ல."

"என்ன?"

"இருபது வருஷமா தட்டுல மாத்திரையை அஞ்சஞ்சாத் தள்ளுறேன். அஞ்சு எதுன்னு என் விரலுக்குத் தெரியும். நீங்க நடக்குறது ஏழு. வலது கால் நாலு, இடது கால் மூணு."

"ஏழா? அப்போ இன்னும் மோசமா?"

"மூணுக்கு ரெண்டுன்னா மூணுல ஒரு பங்கு குறை. நாலுக்கு மூணுன்னா நாலுல ஒரு பங்குதான் குறை. இடது கால் இப்பத்தான் பயப்படாம தரையில நிக்குது. அதனாலதான் அந்தப் பாட்டு ஒத்துவரல." எழுந்து அவர் கன்னத்தைத் துடைத்தாள். "கால் தேறியிருக்கு, மண்டு! தேறினதுக்கு உட்கார்ந்து அழுத ஒரே ஆளு நீங்கதான்."

அன்று முழுக்கப் பாட்டுத் தேடல். தரையில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு காதில் காதுக் குழாய். அவள் விரலால் எண்ணினாள், அவர் தள்ளினார்.

"நாலு. அடுத்தது."

"இது நல்லா இருக்கே?"

"நல்லா இருந்தா சாயந்தரம் கேளுங்க. அடுத்தது. ஒன்பது. ஐயோ, இவன் நடுவுல எண்ணிக்கையை மாத்துறான். திருட்டுப் பய! அடுத்தது."

எண்பத்துநான்காவது பாட்டில் அவள் விரல் நின்றது. மறுபடி தட்டிப் பார்த்தது. நாலு, மூணு. நாலு, மூணு. ஆர்கன் ஒன்று படிக்கட்டில் உருண்டு இறங்குவது போல ஓடியது. பத்தொன்பது நிமிடப் பாட்டு. அவர் எழுந்து நடந்தார். அவள் அங்கேயே உட்கார்ந்து, அவர் கடந்து போகும்போதெல்லாம் காலை மடக்கி வழி விட்டாள்.

பரீட்சை அன்று டாக்டர் முதல் கேள்வியாகவே, "காதுல என்ன?" என்றார்.

"பாட்டு சார். நடக்கிறதுக்கு."

"ஏற்கெனவே ஒரு வேன் இடிச்சிருக்கு. தெருவுலயும் இதை மாட்டிக்கிட்டுத்தான் போவீங்களோ? கழட்டுங்க."

அவர் கழற்றினார். கூட வந்திருந்த மனைவி கைப்பேசியை வாங்கி, காதுக் குழாயைப் பிடுங்கி, ஒலியைக் கூட்டி இரண்டு கையாலும் நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ எல்லார் காதுலயும் இருக்கு. பரவாயில்லையா டாக்டர்?"

டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

நீண்ட நடைபாதை. பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று தாண்டியது. நான்காவது நிமிடத்தில் டிரம் நின்றது.

பாட்டு அப்படித்தான். அந்த இடத்தில் ஒரு நிமிடம் புல்லாங்குழல் மட்டும் பிடிமானம் இல்லாமல் மிதக்கும். வீட்டில் அவர் இங்கே இரண்டு முறை தடுமாறியிருக்கிறார். அவளுக்கும் தெரியும். கைப்பேசியை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நாலு, மூணு. நாலு, மூணு.

டிரம் திரும்பி வந்தது. அவர் வலது கால் அப்போது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு மயிரிழை முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆறு நிமிடம் ஆனதும் டாக்டர் கையை உயர்த்தினார். "நொண்டுறீங்க."

"ஆமா சார்."

"ஆனா நிக்கல." எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "அதை அணைக்காதீங்க. எப்படி முடியுதுன்னு பார்ப்போம்" என்றார்.

திங்கட்கிழமை. பை தோளில், கைப்பேசி சட்டைப்பையில், தெருவுக்குக் கேட்காத ஒலியில். ஐந்து இல்லை, ஏழு இல்லை. எண்ணவே முடியாத ஒரு மெதுவான சாக்ஸபோன். சும்மா, பிடித்திருந்ததால் வைத்துக்கொண்டார். கால் அதன்பாட்டுக்கு வந்தது. பதினேழாவது வாசலில்தான், இதுவரை ஓர் அடிகூட எண்ணவில்லை என்பது உறைத்தது.

வாசலில் நின்ற பெண் காதைச் சாய்த்தாள். "என்ன பாட்டு சார் இது?"

"தெரியலம்மா. கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்று பையைத் திறந்தார். "உங்களுக்கு ரெண்டு லெட்டர்."