எஸ்ரன் வாங்காத மெஷின்

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பாடசாலை விட்டு வந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். கீழ்வீட்டு றொசானா கையில் நாலைந்து தாள்களோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

“டீச்சர், இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. எல்லாம் இங்கிலீசுல இருக்கு. எந்த மெஷின் நல்லதுன்னு பாக்கணும்.”

நான் கண்டியை அடுத்த அம்பிட்டியவில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். விடுமுறைகளில் கதை எழுதுகிறவள். மரவேலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாசித்தேன். பெரும்பாலான தாள்கள் டேபிள் சோ பற்றியவை: ஒரு இரும்பு மேசை, அதன் நடுவில் பிளந்துகொண்டு எழும் வட்ட வாள். பாதுகாப்புக் குறிப்புகளுக்கு வந்தபோது, “சில நேரம் மரம் வெட்டுபவரை நோக்கித் திரும்பிப் பாயலாம்” என்று ஒரு வரியைத் தமிழில் சொன்னேன். றொசானா தாளை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

“இந்த வரிய மட்டும் அவருகிட்ட சொல்லிறாதீங்க டீச்சர்.”

அவர் என்பது எஸ்ரன், அவளுடைய கணவர். அவள் போன பிறகு அடுப்பில் தண்ணீர் வற்றும்வரை நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். மற்றவர் வீட்டுப் பயத்தைக் கண்டவுடன் பேனையைத் தேடுவது நல்ல குணமல்ல. அதுவும் எனக்குத் தெரியும்.

2.

நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

“மரத்தூளில் இரத்தம் விழுந்தால் அது உடனே உறிஞ்சப்பட்டு, சில நொடிகளில்...”

(வேண்டாம். அங்கே நான் இருக்கவில்லை.)

இரண்டாவது தொடக்கம்:

“எட்டு விரல்களால் உலகத்தைத் தொடும் ஒரு மனிதர்...”

(இதுவும் வேண்டாம். இதைப் படித்தால் எஸ்ரன் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார்.)

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். எஸ்ரன் பதினொரு வருடம் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே வேலை வேகமாக நடக்கவேண்டும் என்பதற்காக டேபிள் சோவின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் பலகை திரும்பி அடித்தது. இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அதன்பிறகு அவர் வீட்டோடு இருந்து, அக்கம்பக்கத்துக் கதவுகளையும் ஆடுகிற கட்டில் கால்களையும் கைவாளாலும் மரம் இழைக்கும் சீவுளியாலும் திருத்திக் கொடுத்துவந்தார். றொசானா கண்டி நகரத்தில் ஒரு கடைக்குத் திரைச்சீலை தைக்கிறாள்.

ஒக்டோபரில் கடுகண்ணாவையில் ஒரு முன்பள்ளியிலிருந்து ஆள் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு இருபத்துநாலு கதிரை. முதுகு வளைந்திருக்கவேண்டும், ஜனவரியில் பள்ளி திறக்குமுன் வரவேண்டும். எஸ்ரனின் சொந்தப் பெயருக்கு வந்த முதல் பெரிய வேலை அது. கைவாளால் மாதிரிக்கு ஒன்று செய்து பார்த்தார். நாலு நாள் எடுத்தது. கதிரை அழகாக இருந்தது. ஆனால் அந்த வேகத்தில் போனால் பிள்ளைகள் மாசி வரைக்கும் பாயில்தான் இருக்கவேண்டும்.

ஆகவே ஒரு மெஷின். எந்த மெஷின் என்பதுதான் கேள்வி.

3.

றொசானாவிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது.

“டேபிள் சோதான் டீச்சர். எல்லாரும் அதத்தான் மொதல்ல வாங்குறாங்க. அவரு தொட வேணாம். நான் ஓட்டுறேன். தையல் மெஷின் ஓட்டலையா?”

எஸ்ரன் வாசற்படியில் சீவுளி தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுகிற சத்தம் சற்று வேகமானது.

இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.*

* முதல் வரைவில் றொசானா பயமே இல்லாதவள். கணவன் நடுங்க, மனைவி நிமிர்ந்து நிற்பாள். வாசகருக்குப் பிடிக்கும். ஆனால் அன்று அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். பேச்சுக்கு நடுவில் அதை மடித்து மடித்து ஒரு தபால் முத்திரை அளவுக்கு ஆக்கியிருந்தாள். பிறகு படிவரைக்கும் என்னோடு வந்தவள் சொன்னாள்: “இந்த ஓடர் கைய விட்டுப் போச்சுன்னா அவரு மறுபடி காலையில கட்டில் ஓரத்துலயே ஒக்காந்துருவாரு டீச்சர். முந்தி ஆறு மாசம் அப்படித்தான் இருந்தாரு. எனக்கு அதத் தாங்க முடியாது. என் விரல் போனாலும் பரவால்ல.” நான் அந்த வரைவைக் கிழித்தேன். அந்த வீட்டில் அதிகம் பயந்திருந்தவள் அவள்தான்.

4.

திகனையில் பழைய மெஷின்கள் வாங்கி விற்கிற ஒரு கடை இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை மூன்று பேரும் பஸ் ஏறினோம். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்றால், மெஷினில் ஒட்டியிருக்கிற இங்கிலீஷை வாசிக்க. (நான் ஏன் போனேன் என்றால், கதையின் முடிவை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அது நடப்பதைப் பார்க்கப் போனேன். அந்த முடிவைப் பிறகு காட்டுகிறேன்.)

கடையை நடத்துவது றம்ஸியா என்ற பெண். நாற்பது வயதிருக்கும். தலைச்சீலையின் மேல் மரத்தூள் படிந்திருந்தது.

“வாங்கொ, உள்ளுக்கு வாங்கொ. என்ன மெஷின் பாக்கிற?”

“டேபிள் சோ,” என்றாள் றொசானா.

முதலில் ஒரு பெரிய மெஷினைக் காட்டினார். வெட்டும், சீவும், துளை போடும், எல்லாம் ஒன்றிலேயே. றொசானாவின் கண் விரிந்தது. றம்ஸியா கேட்டார்: “ஒங்கட வீட்டுல கரண்ட் என்ன? சிங்கிள் ஃபேஸா? அப்ப இது ஓடாது. வாசல் வரைக்கும் லொறி வருமா?”

“ரோட்டுல இருந்து எழுவத்திரெண்டு படி எறங்கணும்.”

“படியா! இத எறக்கினா தூக்குற நாலு பேரும் சேந்து எறங்கிருவாங்க.”

சிரித்துக்கொண்டே அவர் ஒரு சின்ன டேபிள் சோவின் பக்கம் போய், எங்களிடம் கேட்காமலே ஆளியைத் தட்டினார். வாள் கீச்சென்று உயிர்பெற்றது. நான் திரும்பிப் பார்க்கும்போது எஸ்ரன் கடையில் இல்லை.

வீதி ஓரத்தில், ஒரு பழக்கடைக்கு முன்னால் நின்றிருந்தார். இடது கை காற்சட்டைப் பைக்குள். சட்டை முதுகில் வியர்வை ஊறியிருந்தது. றொசானா ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள். உள்ளே றம்ஸியா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் கையை உயர்த்தி இரண்டு விரல்களை மடித்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது.

வாசலுக்கு வந்து, சத்தம் போடாமல் கேட்டார்: “தங்கச்சி, நான் கேக்கவே இல்ல. நீங்க என்னத்த செய்யப் போற?”

றொசானா கைத்தொலைபேசியில் மாதிரிக் கதிரையின் படத்தைக் காட்டினாள். றம்ஸியா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“முதுகு வளைஞ்சி ஈக்கே. வட்ட வாளால நேராத்தானே வெட்டேலும். இந்த வளைவ அதால வெட்டேலாது. இதுக்கு பேண்ட் சோ அல்லவா வேணும்?”

றொசானா மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

“இது ஒங்களுக்குத் தெரியுமா?”

எஸ்ரன் பழக்கடையையே பார்த்துக்கொண்டு, “தெரியும்” என்றார்.

“மூணு வாரமா நான் டேபிள் சோ, டேபிள் சோன்னு ஒத்தக்கால்ல நிக்கிறேன். ஏன் சொல்லல?”

“சொன்னா, பயத்துல சொல்றேன்னு நெனச்சிருப்ப.”

நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பதினொரு வருடம் அந்த வேலை செய்த மனிதரிடம், எந்த மெஷின் நல்லது என்று எங்களில் ஒருவரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆங்கிலத் தாள்களைக் கேட்டோம். றொசானா என்னைக் கேட்டாள்.

“மன்னிச்சிருங்க,” என்றாள் றொசானா. “இப்ப கேக்குறேன். எது வாங்கலாம்?”

எஸ்ரன் கையைப் பையிலிருந்து எடுத்தார்.

பேண்ட் சோ மூலையில் நின்றது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி நாடாபோல ஓடுகிற ஒரு வாள். அவர் முதலில் ஆளியைத் தொடவில்லை. மேல் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தார். நாடாவின் இறுக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார். குனிந்து மேசையின் திருகுகளை எண்ணினார். “இதெல்லாம் கழட்டலாம். துண்டு துண்டா படியில எறக்கலாம்.” பிறகு எங்களுக்குச் சொன்னார்: “இந்த வாள் கீழ்ப்பக்கமா ஓடுது பாருங்க. மரத்த மேசையோட அழுத்தும், ஆள் பக்கம் எறியாது. கவனமில்லாம இருந்தா இதுலயும் விரல் போகும். ஆனா ஆபத்து எங்க இருந்து வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா வேல செய்யலாம்.”

றம்ஸியா ஒரு சபு மரப் பலகைத் துண்டைக் கொடுத்தார். எஸ்ரன் அதில் பென்சிலால் ஒரு வளைவு போட்டார். ஆளியைத் தட்டினார். இதன் சத்தம் வேறு. கீச்சிடவில்லை, ஒரே சீராக இரைந்தது. அவருடைய எட்டு விரல்களும் பலகையின் மேல் பரவி, நாடாவுக்குத் தூரமாகவே நின்று, மெதுவாக அதைத் திருப்பின. றொசானா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்த இடம் இரண்டு நாள் நொந்தது.

5.

நான் முன்பே எழுதிவைத்திருந்த முடிவை இப்போது காட்டவேண்டும். அதில் எஸ்ரன் டேபிள் சோவுக்கு முன்னால் போய் நிற்கிறார். கை நடுங்குகிறது. கண்ணை மூடி ஆளியைத் தட்டுகிறார். பலகை இரண்டாகப் பிளக்கிறது. அவர் அழுகிறார். றொசானாவும் அழுகிறாள். நானும் எழுதும்போது கொஞ்சம் அழுதேன்.

வெட்கத்தை விட்டு, அதை அவர்களுக்கே வாசித்துக் காட்டினேன்.

எஸ்ரன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். “டீச்சர், நான் எதுக்கு அந்த மெஷினயே போய்ப் போடுறேன்?”

“பயத்தை வெல்லத்தான்.”

“கடிச்ச நாய்கிட்டயே போய்த் தடவிக் குடுக்கணுமா? ஊருல வேற நாயில்லையா?”

றொசானா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

“அப்போ என்னன்னு எழுதுறது?” என்று கேட்டேன்.

“பொருத்தமான மெஷின் வாங்கினாருன்னு எழுதுங்க.”

(அது ஒரு முடிவா? உச்சக்கட்டம் எங்கே? ஒரு மனிதர் தன் பயத்தோடு சண்டை போடாமல், அதற்கும் ஒரு இடம் ஒதுக்கிவிட்டு, வேலையைப் பார்க்கப் போவதை எப்படி... இந்த வாக்கியம் எனக்கு முடிக்க வரவில்லை. அப்படியே விடுகிறேன்.)

6.

மெஷின் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வீதியில் வைத்தே எஸ்ரன் அதைக் கழற்றினார். சக்கரம் ஒன்று, சக்கரம் இரண்டு, மேசை, மோட்டார், உடல். மழை தூறியது. றொசானா ஒரு சக்கரத்தைக் குழந்தைபோல மார்போடு அணைத்து இறக்கினாள். நான் திருகுகள் போட்ட டப்பாவைச் சுமந்தேன். சமையலறையோடு சேர்ந்த சாய்ப்பில் அதை மறுபடி பொருத்திப் பூட்டி, வாளுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று எஸ்ரன் மூன்று தடவை பார்த்தார்.

போன ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், றொசானா வேலைச் சட்டை போட்டுக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

“தள்ளுங்க. நான் ஒண்ணு வெட்டுறேன்.”

அவர் தள்ளி நின்றார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, பென்சில் கோட்டைப் பின்தொடர்ந்து பலகையைத் தள்ளினாள். பாதி வளைவில் கை விலகியது. முடித்துவிட்டு, முகம் சுருங்க, துண்டை நீட்டினாள். எஸ்ரன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கோட்டுக்கு வெளிய போயிருக்கு.”

“வீணாப் போச்சா?”

“இல்ல. வெளிய போனா சீவிக்கலாம். உள்ள போனாத்தான் மரம் போச்சு.”

அடுத்த பலகையை அவளிடம் கொடுத்துவிட்டு, சீவுளி எடுக்கத் திரும்பினார். அவருக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நிதானமாகத் தேடி, எடுத்து, துண்டைப் பூட்டி, சீவத் தொடங்கினார்.

இதை எழுதும்போது பதினாறு கதிரைகள் முடிந்திருக்கின்றன. எட்டு பாக்கி. பள்ளி திறக்க ஒன்பது நாள். முடிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நடக்குமுன்னே ஒருமுறை எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். மறுபடி செய்யமாட்டேன். ஜனவரியில் கடுகண்ணாவைப் பக்கம் போகிறவர் நீங்களாக இருந்தால், அந்த முன்பள்ளி ஜன்னலால் ஒருதரம் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் எதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, இதற்குக் கீழே உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.